மூணாவது பார்ட் மாதிரி வருமா

அத்தான்: ...குளிச்சுட்டே வந்துட்டேன். இன்னும் அந்தக் கோடு பாதியிலதான் நிக்குது.

மச்சான்: அப்டேட் இறங்குது அத்தான்.

அத்தான்: கேம் கம்பெனிக்காரன் இன்னைக்குத்தானே வெளியிட்டான்? இன்னைக்கே என்ன அப்டேட்?

மச்சான்: வெளியிட்டப்புறம்தான் தப்பெல்லாம் அவன் கண்ணுல பட்டிருக்கும்.

அத்தான்: நல்ல பொழப்பு. நான் ஒருத்தனோட சொத்தைப் பல்லைப் பாதி அடைச்சுட்டு, "மீதி அப்டேட்ல வரும், வீட்டுக்குப் போங்க"ன்னு சொன்னா சும்மா விடுவானா?

மச்சான்: உங்ககிட்ட வர்றவன் வாயைப் பொளந்துக்கிட்டுப் படுத்திருக்கான். அவன் என்னத்தச் சொல்வான்?

அத்தான்: கருங்கோட்டை கேமோட முதல் பார்ட் ஞாபகம் இருக்கா? கேசட்டைச் சொருகினா போதும். அடுத்த நிமிஷம் வாளோட ஆள் நிப்பான்.

மச்சான்: அதுல ஆள் எது, வாள் எதுன்னே தெரியாதே. எல்லாமே சதுரம் சதுரமா இருக்கும். கொஞ்ச நாள் மரத்தை எதிரின்னு நினைச்சு வெட்டிக்கிட்டு இருந்ததா நீங்களே சொல்லியிருக்கீங்க.

அத்தான்: அதுல கற்பனைக்கு இடம் இருந்துச்சுடா.

மச்சான்: வேற எதுவும் இல்லாததால இருந்துச்சு.

அத்தான்: சரி, ரெண்டாவது பார்ட்?

மச்சான்: அது உங்க கல்யாணம் முடிஞ்ச வாரம் வந்தது. அக்கா உங்களை வீடு பூரா தேடிட்டு, கடைசியில என் ரூம்ல வந்து பார்த்தா, புது மாப்பிள்ளை தரையில உட்கார்ந்து என்கிட்ட தோத்துக்கிட்டு இருந்தாரு.

அக்கா: அன்னைக்கே நான் எங்க அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கணும். அதுதான் எங்க அம்மா வீடுங்கிறதால போக வழியில்லாமப் போச்சு.

அத்தான்: கேட்டியா? அடுப்படியில இருந்தாலும் காது இங்கதான் இருக்கு.

அக்கா: ஸ்கூல்ல நாற்பது பசங்க கசகசன்னு பேசுறதுக்கு நடுவுல கணக்கு நடத்துறேன். நீங்க ரெண்டு பசங்க பேசுறதா எனக்குக் கேட்காது? டீ கொண்டு வரவா?

அத்தான்: எனக்குப் பாதி கப் போதும்.

மச்சான்: என்ன அத்தான், டயட்டா?

அத்தான்: டீ வேணும்னா குடி. கேள்வி கேட்காத.

மச்சான்: அது சரி, கிளினிக் இன்னைக்கும் லீவா?

அத்தான்: நாற்காலி ரிப்பேர். பேஷன்ட்டை வச்சு ஏத்தினா மேல போகுது, இறங்க மாட்டேங்குது. பார்ட்ஸ் வரணும்.

மச்சான்: போன வாரமும் இதே நாற்காலிதானே...

அத்தான்: நீ கேம் ஆட வந்தியா, என்னை விசாரிக்க வந்தியா? டயர் கடையில உனக்கு வேலையே இல்லையா?

மச்சான்: கருங்கோட்டை புதுப் பார்ட் வந்தா முதல் நாள் ரெண்டு பேரும் சேர்ந்துதானே ஆடுவோம். அதுக்காகக் காய்ச்சல்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

அத்தான்: இந்த வயசுல... வெட்கமா இல்ல?

மச்சான்: உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான். இந்தா, ஆரம்பிச்சிடுச்சு. முதல்ல நீங்க பிடிங்க.

அத்தான்: இது என்ன கன்ட்ரோலரா, சோப்பா? கையில நிக்கவே மாட்டேங்குது.

மச்சான்: ஜன்னலைச் சாத்துறேன். டிவியில வெயில் விழுது.

அத்தான்: ம்... யார் இது?

மச்சான்: ஹீரோ.

அத்தான்: இவனா? என்ன, வாயைத் திறந்து பேசுறான்? மூணாவது பார்ட் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. வந்தான், வெட்டினான், போனான். அது ஆம்பளை.

மச்சான்: இதுல அவனுக்கு மனக்கஷ்டம் இருக்காம்.

அத்தான்: யாருக்குத்தான் இல்ல? அதுக்காகக் குதிரைகிட்டயா சொல்றது?

மச்சான்: குதிரை நல்லாக் கேட்குது பாருங்க.

அத்தான்: கீழ என்ன எழுத்து வருது? "குதிரைக்குப் பிடரி வாரிவிட எக்ஸ் அமுக்கவும்."

மச்சான்: அமுக்குங்க.

அத்தான்: அசுரனைக் கொல்ல வந்தவனைச் சலூன் வேலைக்கு வச்சிருக்கான்.

மச்சான்: வாரிவிட்டாத்தான் குதிரை வேகமா ஓடும்.

அத்தான்: எங்க ஓடுறது? மேப்பைப் பாரு. ஒரு தேசத்தையே சுருட்டி உள்ள வச்சிருக்கான். பார்க்கிற இடமெல்லாம் புல்லு. நடுவுல ஒருத்தன் நின்னு காளான் பறிச்சுத் தரச் சொல்றான்.

மச்சான்: உதவி பண்ணுங்களேன். நல்ல மனுஷனாத் தெரியுறான்.

அத்தான்: மூணாவது பார்ட்ல மொத்தமே ஒரு கோட்டை, ஒரு காடு, ஒரு பாலம். ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும்.

மச்சான்: ஏன்னா அந்த ஒரே கல்லைத்தான் எல்லா இடத்துலயும் ஒட்டி வச்சிருந்தான்.

அத்தான்: உனக்கு ரசனையே கிடையாதுடா. நாலாவது பார்ட்டை நல்லா இருக்குன்னு சொன்னவன்தானே நீ?

மச்சான்: நாலாவதுக்கு என்ன குறை?

அத்தான்: ஹீரோவைத் தூக்கிட்டு அவன் பையனைக் கொண்டு வந்தான். அந்தப் பையன் தண்ணியில இறங்க பயப்படுவான். அஞ்சாவதுல சட்டைக்குத் தனிக் காசு, செருப்புக்குத் தனிக் காசு. ஆறாவதுல படகு ஓட்டவிட்டே என் உசிரை வாங்கினான்.

மச்சான்: ஆறாவதை நீங்க ரெண்டு தடவை முடிச்சீங்க.

அத்தான்: திட்டணும்னா முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுத் திட்டணும் இல்ல?

அக்கா: டீயை இங்க வைக்கிறேன். நான் கடை வரைக்கும் போயிட்டு வர்றேன். கீழ சிந்தினா நீங்கதான் துடைக்கணும்.

அத்தான்: போயிட்டு மெதுவாவே வா.

அக்கா: அதானே. நான் வீட்டுல இருந்தா உங்க ராஜ்ஜியம் கவிழ்ந்துடும்.

மச்சான்: அத்தான், பாலம் வந்துடுச்சு. அங்க பாருங்க, பழைய பூதம்.

அத்தான்: அட... நம்ம கோடரிக்காரன். வாடா வா. மூணாவது பார்ட்ல உன்னை எத்தனை தடவை ஆத்துல தள்ளியிருப்பேன்.

மச்சான்: கோடரியை ஓங்கும்போது இல்ல, இறக்கும்போது கேடயத்தைத் தூக்கணும். இமைக்கிற நேரம்தான்.

அத்தான்: எனக்கே பாடம் எடுக்குறியா? உனக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்... ம். என்ன இது?

மச்சான்: செத்துட்டீங்க.

அத்தான்: அது தெரியுது. அமுக்கினேனே.

மச்சான்: கொஞ்சம் லேட்டா...

அத்தான்: லேட் எல்லாம் இல்ல. திரும்ப விடு... இந்தா, இப்ப... அடச்சே.

மச்சான்: பரவாயில்ல, முதல் நாள்தானே.

அத்தான்: பட்டனை அமுக்கினா, அது போய் அவன்கிட்ட பர்மிஷன் கேட்டுட்டு வருது. மூணாவது பார்ட்ல நினைச்சாலே கேடயம் மேல வரும். வெண்ணெய் மாதிரி.

மச்சான்: டிவி செட்டிங்கா இருக்குமோ... இருங்க, மாத்துறேன். இப்பப் பாருங்க.

அத்தான்: ...போச்சு. திரும்பவும் போச்சு. இது என்ன லட்சணத்துல பண்ணி வச்சிருக்கான்? இத்தனை பார்ட் எடுத்தும் ஒரு கேடயம் தூக்கத் தெரியல இவனுங்களுக்கு.

மச்சான்: கன்ட்ரோலரை வேணா மாத்திக்கலாமா? என்னோடதைப் பிடிங்க.

அத்தான்: குடு... ம்... ம்... பார்த்தியா? அதே கதைதான். குதிரைக்குத் தலை வாரிவிடத் தெரியுது. கையில பிடிச்சு விளையாட ஒரு பட்டனை ஒழுங்கா வைக்கத் தெரியல. சரி, நீ ஆடு. நீயும் சாவு, அப்பத்தான் புரியும்.

மச்சான்: நான் அப்புறமா ஆடுறேனே.

அத்தான்: ஆடுடா.

மச்சான்: சரி... இந்தா.

அத்தான்: ஆத்துல தள்ளிட்டியே.

மச்சான்: குருட்டாம்போக்குல விழுந்துட்டான் அத்தான்.

அத்தான்: மூணு அடி அடிச்சான். மூணையும் தடுத்த. அது குருட்டாம்போக்கா?

மச்சான்: டயர் கழட்டிக் கழட்டிக் கை பழகிடுச்சு. டீ ஆறுது, குடிங்க.

அத்தான்: டீ கிடக்கட்டும். அந்த ஷெல்ஃபுக்கு மேல இருக்கிற பழைய பெட்டியை எடு.

மச்சான்: எதுக்கு?

அத்தான்: மூணாவது பார்ட் போடுவோம். கேம்னா என்னன்னு காட்டுறேன் உனக்கு.

மச்சான்: அது ஓடுமோ ஓடாதோ. ஒயரை எல்லாம் எலி கடிச்சிருக்கும். இன்னொரு நாள் பார்த்துக்கலாம் அத்தான்.

அத்தான்: போன மாசம்தான் துடைச்சு வச்சேன். எடு.

மச்சான்: புதுசு வந்த அன்னைக்குப் பழசை ஆடினா நல்லாவா இருக்கும்?

அத்தான்: என்னடா, பயமா? உன் ஏழாவது பார்ட்டோட மானம் போயிடும்னு பயம்.

மச்சான்: ...இந்தாங்க.

அத்தான்: ஒயரைக் குடு. டிவிக்குப் பின்னால... இந்த ஓட்டை எங்க... இங்கதானே...

மச்சான்: விடுங்க, நான் சொருகுறேன்.

அத்தான்: எனக்குத் தெரியும்டா... இது ஒண்ணு, இருட்டுல... சரி, நீயே சொருகு.

மச்சான்: ஓடுது.

அத்தான்: இந்த மியூசிக் கேளு. வெறும் நாலு நோட்டு. உடம்பு சிலிர்க்குதா இல்லையா? புதுசுல நூறு பேர் சேர்ந்து வயலின் வாசிக்கிறான், எனக்குக் கொட்டாவிதான் வருது.

மச்சான்: மியூசிக் நல்லாத்தான் இருக்கு. கேட்டாச்சு, அணைச்சுடவா?

அத்தான்: பாலத்துக்குப் போறேன் இரு. தூக்கத்துல எழுப்பிக் குடுத்தாலும் இவனைத் தள்ளுவேன் நான். ஓங்குறான் பாரு... இறக்குறான்...

மச்சான்: ம்... விழுந்துட்டீங்க.

அத்தான்: ஆரம்பத்துல அப்படித்தான். கை சூடாகணும்.

மச்சான்: ஆமா ஆமா. அத்தான், ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கவா?

அத்தான்: பேசாம இரு.

மச்சான்: திரும்பவும் போச்சா? பழைய கன்ட்ரோலர் அத்தான். உள்ள ரப்பர் எல்லாம் இறுகிப் போயிருக்கும். குடுங்க, நான் பார்க்கிறேன்... பாருங்க, எனக்கும் வரல. செத்துட்டேன். இந்தா, மறுபடியும். ச்சே. இது கன்ட்ரோலர் கோளாறேதான். தூக்கிக் கடாச வேண்டியதுதான்.

அத்தான்: நீ கேடயத்தைத் தூக்கவே இல்ல.

மச்சான்: தூக்கினேனே.

அத்தான்: பல்லு மாதிரி சின்ன விஷயத்தைப் பார்த்துப் பார்த்தே பொழைச்சவன் நான். உன் கட்டைவிரல் அசையவே இல்ல.

மச்சான்: மறந்திருப்பேன்.

அத்தான்: கல்யாணமான முதல் வாரத்துல இருந்து என்னோட ஆடுற. ஒரு தடவை எனக்கு விட்டுக் குடுத்திருக்கியா? எனக்கு டைபாய்டு வந்து சுருண்டு கிடந்தப்ப, கட்டிலுக்கே கன்ட்ரோலரைக் கொண்டு வந்து என்னைத் தோற்கடிச்சுட்டுப் போனவன் நீ.

மச்சான்: அப்ப சின்ன வயசு...

அத்தான்: இன்னைக்கு மட்டும் என்ன திடீர்னு கருணை? கேட்கிறேன்ல.

மச்சான்: என்ன சொல்லச் சொல்றீங்க...

அத்தான்: ...கேம் நல்லாத்தான் இருக்கு மச்சான்.

மச்சான்: எது?

அத்தான்: ஏழாவது பார்ட். பட்டன் எல்லாம் சரியாத்தான் வேலை செய்யுது. அந்தக் கம்பெனிக்காரனை நான் திட்டினதெல்லாம் வாபஸ். குதிரைக்குத் தலை வாரினதைத் தவிர.

மச்சான்: அத்தான்...

அத்தான்: இந்தக் கையைப் பாரு. சும்மா மடியில வச்சிருக்கேன், நான் ஒண்ணும் பண்ணல. அதுவா ஆடுது.

மச்சான்: எப்ப இருந்து?

அத்தான்: முதல்ல சுண்டுவிரல்தான். நான் காபி அதிகமாக் குடிக்கிறேன்னு நினைச்சேன். அப்புறம் சட்டை பட்டன் போட நேரமாச்சு. தையல்காரனைத் திட்டினேன். கையெழுத்து எறும்பு மாதிரி சின்னதாச்சு. பேனாவைத் திட்டினேன். திட்டுறதுக்கு ஆளாப் பார்த்துப் பார்த்து... கடைசியில கேம் கம்பெனி வரைக்கும் வந்துட்டேன்.

மச்சான்: கிளினிக்ல ஏதாவது...

அத்தான்: ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். ஒரு பெரியவர், தபால் ஆபீஸ்ல வேலை பார்த்தவர், கடைவாய்ப் பல்லுக்கு வந்திருந்தார். ஊசியை எடுத்துக்கிட்டுக் கிட்ட போனேன். வாயைத் திறந்து வச்சிருந்தவர் என் கையைப் பார்த்தார். மெதுவா வாயை மூடிக்கிட்டார். "வலி போயிடுச்சு டாக்டர்"னு எழுந்து போயிட்டார். நல்ல மனுஷன். அவ்வளவு வீங்கின கன்னத்தோட.

மச்சான்: அப்ப நாற்காலி?

அத்தான்: நாற்காலிக்கு என்ன? கல்லுக்குண்டு மாதிரி இருக்கு.

மச்சான்: யார்கிட்டயாவது காட்டினீங்களா?

அத்தான்: நரம்பு டாக்டர்கிட்டப் போனேன். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், வட்டம் போடச் சொன்னார். நான் போட்ட வட்டத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துச்சு. பார்க்கின்சனாம். பேரு நல்லாத்தான் இருக்கு. வெளிநாட்டுக் கோட்டுத் துணி மாதிரி.

மச்சான்: அதுக்கு மாத்திரை இருக்கே அத்தான்.

அத்தான்: இருக்கு, சாப்பிடுறேன். ரொம்ப வருஷம் நல்லாவே இருக்கலாமாம். சாப்பிடலாம், நடக்கலாம், பேசலாம். அடுத்தவன் வாய்க்குள்ள டிரில்லை விடுறது மட்டும் வேணாம்னார். அதைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்னு அவர்கிட்ட கேட்க நினைச்சேன். கேட்கல.

மச்சான்: எங்க கடைக்கு வாங்க. வர்ற டயரை எல்லாம் தடவிப் பார்த்து, "சொத்தை, பிடுங்கணும்"னு சொல்லி அனுப்புங்க. வியாபாரம் பிச்சுக்கும்.

அத்தான்: சம்பளம் உன் மேனேஜர் குடுப்பானா, காய்ச்சல்காரா?

மச்சான்: அக்காகிட்ட ஏன் சொல்லல?

அத்தான்: அவ அழுதா சமாளிச்சுடுவேன். அழமாட்டாளே. "சரி, அடுத்து என்ன செய்யணும்?"னு கேட்டு, டைம்டேபிள் போட்டுச் சுவத்துல ஒட்டிடுவா. காலையில மாத்திரை, பத்து மணிக்கு நடை, சாயங்காலம் உடற்பயிற்சி. அப்புறம் நான் நோயாளின்னு முடிவாயிடும் இல்ல? நாற்காலி ரிப்பேர்னு இருக்கிற வரைக்கும்... நாற்காலிக்குத்தானே ரிப்பேர். நானே சொல்லிடுறேன் அவகிட்ட. ஒரு நல்ல நேரமாப் பார்த்து. நீ எதுவும் உளறி வைக்காத. என்னடா, தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருக்க?

மச்சான்: அத்தான், இந்த ஏழாவது பார்ட்டை நான் வாங்கல.

அத்தான்: பின்ன?

மச்சான்: அக்காதான் வாங்கிக் குடுத்தா. கடையில போய், "கருங்கோட்டைன்னு ஏதோ கண்றாவி இருக்காமே, புதுசு ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டாளாம்.

அத்தான்: அவளா? டிவியில கேம் ஓடினாலே ஃபியூஸைப் பிடுங்குறவ...

மச்சான்: "நீ அவரைப் பாலம் வரைக்கும் கூட்டிட்டுப் போ. பழசைப் போடச் சொன்னா போடு. ஆனா ஜெயிக்காத"ன்னு சொன்னா. என்னால தடுக்காம இருக்க முடியல. கை பழக்கம்.

அத்தான்: அவளுக்கு எப்படிடா... கடையில இருந்து எப்ப வருவா?

அக்கா: நான் கடைக்குப் போகவே இல்ல.

அத்தான்: நீ... வாசல்லயேவா நின்னுக்கிட்டு இருந்த?

மச்சான்: நான் வேணா கொஞ்சம் வெளிய...

அக்கா: நீ உட்காரு.

அத்தான்: இங்க பாரு, நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு... உனக்கு யார் சொன்னது?

அக்கா: யாரும் சொல்லல. உங்க கையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அன்னைக்கு உங்க பின்னாலேயே வந்தேன். நரம்பு டாக்டர்கிட்ட உங்க பேரைக் கூப்பிட்டாங்களே, அப்ப உங்களுக்குப் பின் வரிசையில மாஸ்க் போட்டுக்கிட்டு நானும்தான் உட்கார்ந்திருந்தேன். வெளிய வந்து படிக்கட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னீங்க. ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கணும்னுதான் இருந்துச்சு... ஆனா நீங்களாச் சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியக் கூடாதுன்னு நினைச்சுட்டேன். அன்னையில இருந்து பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுத்தான் அழுதுக்கிட்டு இருக்கேன். என்கிட்ட சொல்ல வரலன்னாலும், இவன் விட்டுக் குடுக்கிறதைப் பார்த்தா இவன்கிட்டயாவது சொல்லிடுவீங்கன்னு தெரியும்.